கப்பல் கரை சேரும் நாள்: துறைமுக நகரங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கடல் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்கள் எந்தக் கப்பல், எந்தத் தளத்தில் அறை, பால்கனி வேண்டுமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். கப்பல் நிற்கப் போகிற ஊர்களை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட நாள் எப்படி முடியும் என்று பல முறை பார்த்திருக்கிறேன். காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டுப் பத்து மணிக்கு இறங்குவார்கள். துறைமுக வாசலில் முதலில் கூப்பிடுகிற டாக்ஸியில் ஏறுவார்கள். மூன்று இடங்களை ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். கடைசி ஒரு மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு திரும்புவார்கள்.

மற்ற பயணங்களில் காலையில் தொடங்கி மாலை வரை திட்டம் போடுவோம். துறைமுக நாளுக்கு மாலையில் தொடங்கிக் காலைக்கு வர வேண்டும். கப்பலில் திரும்ப ஏற வேண்டிய நேரத்தை முதலில் எழுதுங்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கையில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று தெரியும். எதைப் பார்க்கலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

படி 1: கப்பல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும். ரோமுக்குக் கடல் கிடையாது. கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. சுமார் 90 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்றால் லெ ஹாவ்ர். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ‘பெர்லின்’ என்றால் பால்டிக் கரையில் இருக்கும் வார்னமுண்டே. 200 கிலோமீட்டருக்கும் அதிகம். ‘பாங்காக்’ என்று போட்டால் பெரிய கப்பல்கள் லேம் சபாங்கில்தான் நிற்கும். நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரச் சாலைப் பயணம்.

வெனிஸ் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய பெயர். நகரின் நடுவே போகும் ஜூடெக்கா கால்வாயில் பெரிய கப்பல்கள் போக 2021 ஆகஸ்ட் முதல் தடை இருக்கிறது. அதனால் ‘வெனிஸ்’ என்று விற்கப்படும் பயணங்கள் மார்கேராவிலும் நிற்கலாம், தெற்கே வெகு தூரத்தில் இருக்கும் ராவென்னாவிலும் நிற்கலாம், கிழக்கே ட்ரியெஸ்டேயிலும் நிற்கலாம். பணம் கட்டும் முன்பே துறைமுகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

சில ஊர்களில் இந்தக் கவலையே இல்லை. நேப்பிள்ஸில் இறங்கினால் எதிரே கோட்டை, பின்னால் ஊர். மால்டாவின் வாலெட்டாவில் கப்பல் நிற்கும் கரையிலிருந்து சற்று நடந்தால் பராக்கா லிஃப்ட். 58 மீட்டர் ஏறி வெளியே வந்தால் நகரின் மேல் தோட்டத்தில் நிற்பீர்கள். இஸ்தான்புல்லின் கலாடாபோர்ட்டிலிருந்து சாலையைக் கடந்தால் தோபானே டிராம் நிறுத்தம். அதே டிராம் சுல்தானஹ்மத் போகும். இப்படிப்பட்ட ஊர்களில் யாருக்கும் காசு கொடுத்து ‘நகரச் சுற்றுலா’ வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

வரைபடத்தில் துறைமுகத்தின் பெயர் போதாது, எந்த மேடை என்பதும் வேண்டும். ஒரே துறைமுகத்தில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அரை மணி நேர நடை இருக்கும். லிவோர்னோ போன்ற சரக்குத் துறைமுகங்களில் உள்ளே நடக்கவே விட மாட்டார்கள். ஷட்டில் பஸ்ஸில்தான் வெளியே வர வேண்டும். அந்த பஸ்ஸின் கடைசி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பின்னாலிருந்து நேரத்தைக் கழியுங்கள்

இதை ஒரு உதாரணத்தோடு செய்து பார்க்கலாம். கப்பல் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குக் காலை 7 மணிக்கு வருகிறது, மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி 11 மணி நேரம்.

கிளம்பும் நேரம் நமக்கான நேரம் இல்லை. நமக்கானது ‘ஆல் அபோர்டு’ நேரம், அதாவது எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம். பெரும்பாலும் அது கிளம்புவதற்கு அரை மணி முன்பு. சில இடங்களில் ஒரு மணி முன்பு. இங்கே 5:30 என்று கொள்வோம். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால், 4:30-க்குத் துறைமுக வாசலில் இருப்பது என் கணக்கு. வேலைநிறுத்தம், ரயில் தாமதம், பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். நகரின் மையத்திலிருந்து மெட்ரோவும் நடையுமாக ஒரு மணி நேரம் என்று தாராளமாகப் போட்டால் 3:30-க்கு ஏதென்ஸை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இப்போது காலைப் பக்கம். 7 மணிக்குக் கப்பலைக் கட்டினாலும் துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் கதவு திறக்கும். முதல் கூட்டம் இறங்கி நாம் கரையில் கால் வைக்க 7:45 ஆகும். மெட்ரோவின் 3-ஆம் தடம் 2022 முதல் பிரேயஸ் வரை வருகிறது. அதில் ஏறி சின்டாக்மாவில் மாறி, அடுத்த நிறுத்தமான அக்ரோபோலியில் இறங்கினால் அக்ரோபோலிஸ் குன்றின் தென்கிழக்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. 8:45. ஆக, 11 மணி நேரம் என்று அட்டவணை சொன்னது 8:45 முதல் 3:30 வரை, ஆறே முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பரவாயில்லை, அக்ரோபோலிஸ், அதன் அடிவாரத்தில் இருக்கும் அருங்காட்சியகம், பிளாக்கா தெருக்களில் ஒரு சாப்பாடு, இவ்வளவுக்கும் தாராளமாகப் போதும்.

அதே 11 மணி நேரத்தைச் சிவிடவெக்கியாவுக்குப் போட்டுப் பாருங்கள். துறைமுக பஸ், ஸ்டேஷன் வரை நடை, ரயிலுக்குக் காத்திருப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில் பயணம் என்று ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். தூரம் அதிகம் என்பதால் தாமதத்துக்கென்று ஒதுக்கும் நேரத்தை ஒன்றரை மணியாக வைப்பேன். ரோமில் இருக்கப் போவது 9:45 முதல் 2 மணி வரை. நாலே கால் மணி நேரம். அதில் வாத்திகன் பக்கம் போகலாம், அல்லது கொலோசியம் பக்கம் போகலாம். இரண்டையும் தொட்டுவிட்டு வர நினைத்தால் வரிசைகளைத்தான் பார்ப்பீர்கள். வாத்திகன் என்று முடிவு செய்தால் ரோமின் முக்கிய ஸ்டேஷனான டெர்மினி வரை போக வேண்டாம். சாதாரண ரயில்கள் நிற்கும் ரோமா சான் பியெத்ரோ ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்துவிடலாம். போக வர இரண்டு முறையும் நேரம் மிச்சம்.

இந்தக் கணக்கில் நாலு மணி நேரத்துக்கும் குறைவாக வந்தால் அந்தப் பெரிய நகரத்தை விட்டுவிடுங்கள் என்பேன். வார்னமுண்டேயிலிருந்து பெர்லின் போய் வர ஆறு மணி நேரம் வாகனத்திலேயே போகும். அதற்குப் பதில் வார்னமுண்டேயின் கலங்கரை விளக்கம், அகன்ற மணல் கடற்கரை, பக்கத்து ரோஸ்டாக்கின் பழைய தெருக்கள் என்று ஒரு நாளை நிம்மதியாகக் கழிக்கலாம். லெ ஹாவ்ரில் பாரிஸை விட்டுவிட்டு ஓன்ஃப்ளோர் போனால் பழைய படகுத்துறையைச் சுற்றி மதியம் முழுக்க உட்காரலாம். போருக்குப் பின் கான்கிரீட்டில் எழுப்பிய லெ ஹாவ்ர் நகரமே 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

படி 3: படகில் இறங்க வேண்டிய ஊரா என்று பாருங்கள்

சில ஊர்களில் பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். இதற்கு டெண்டர் என்று பெயர். பயணத் திட்டத்தில் அந்த ஊருக்குப் பக்கத்தில் சின்னதாகக் குறி போட்டிருப்பார்கள். கிரீஸின் சான்டோரினியும் கரீபியனின் கிராண்ட் கேமனும் இப்படித்தான்.

டெண்டர் என்றால் மூன்று விஷயங்கள் மாறும். இறங்குவதற்கு வரிசை எண் வாங்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேர்ந்தவர்கள் முதலில் போவார்கள். திரும்பும்போதும் படகுக்கு வரிசை உண்டு. கடைசிப் படகின் நேரம்தான் உங்கள் ஆல் அபோர்டு. காற்றோ அலையோ அதிகமாக இருந்தால் ஊரையே ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே டெண்டர் ஊர்களுக்குத் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் படகில் ஏற முடியுமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். ஆடுகிற படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

சான்டோரினியில் படகு விடும் பழைய துறைமுகம் செங்குத்தான பாறையின் காலடியில் இருக்கிறது. ஃபிரா ஊர் 200 மீட்டருக்கும் மேலே. ஏற மூன்று வழி: கேபிள் கார், கழுதை, 580-க்கும் மேற்பட்ட படிகள். நான் போன நாளில் மூன்று கப்பல்கள் நின்றிருந்தன. காலையில் ஏறும்போது வரிசை சுமார்தான். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது கேபிள் கார் வரிசை ஃபிராவின் சந்துகளில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதன் வால் எங்கே என்று தேடவே பத்து நிமிடம் ஆனது. படிகளில் இறங்கினேன். கல் எல்லாம் தேய்ந்து கண்ணாடியாக இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கழுதைகள், அவற்றின் சாணம், பிடித்துக்கொள்ளச் சுவர் மட்டும்தான். அரை மணி நேரத்தில் கீழே வந்துவிட்டேன், ஆனால் மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கிய ஒரு அம்மா பாதியில் உட்கார்ந்தே விட்டார். அந்த ஊருக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுப் போங்கள், மேலிருந்து கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போகிறவர்களைப் பெரும்பாலும் ஆதினியோஸ் என்ற வேறு துறைமுகத்தில் இறக்கி பஸ்ஸில் மேலே கொண்டுபோவார்கள். அவர்களுக்குக் காலை வரிசை மிச்சம்.

படி 4: யாரோடு போவது?

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா விலை கூடுதல், கூட்டம் பெரிது, நடுவில் கடையில் நிறுத்துவதும் உண்டு. ஆனால் அதில் ஒரு பெரிய அனுகூலம்: அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும்; இல்லையென்றால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போகிறவருக்குக் கப்பல் காத்திருக்காது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம் என்றால் தனியாகப் போவேன். அதற்கு மேல் தூரம், ஒரே சாலை, ரயில் கிடையாது என்றால் கப்பலின் சுற்றுலா. ரயில் அடிக்கடி ஓடுகிற தடம் என்றால், தூரம் இருந்தாலும் தனியாகப் போவதைப் பற்றி யோசிப்பேன்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஊரில் இருக்கும் வழிகாட்டியை நேரடியாக ஏற்பாடு செய்துகொள்வது. நாலைந்து பேர் சேர்ந்தால் கப்பலின் விலையை விடக் குறைவாகவே முடியும். நமக்குப் பிடித்த இடத்தில் கூடுதலாக நிற்கலாம். பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கப்பல் அந்த ஊருக்கு வராமல் போனால் பணம் முழுக்கத் திரும்பக் கிடைக்குமா? எத்தனை மணிக்குத் துறைமுகத்தில் கொண்டுவந்து விடுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு மணி சொல்லாமல் ‘கவலைப்படாதீர்கள்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 5: ஒரு ஊரில் ஒன்றே ஒன்று

ஒவ்வொரு ஊருக்கும் ‘இதைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைக் காலையில் முதல் வேலையாக முடியுங்கள். மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

தேர்ந்தெடுத்த இடம் அந்தக் கிழமையில் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. ஃபுளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை செவ்வாய். அங்கே கிராண்ட் பஜார் ஞாயிறு. வாத்திகன் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். கப்பல் எந்தக் கிழமையில் வரும் என்பது ஒரு வருடம் முன்பே தெரிந்த விஷயம்தானே, அப்போதே பார்த்துவிடலாம். அக்ரோபோலிஸ், பார்சிலோனாவின் சக்ரதா ஃபமிலியா தேவாலயம் போன்ற இடங்களுக்கு நேரம் குறித்த டிக்கெட் என்பதால் ஆன்லைனில் முன்பே வாங்க வேண்டும். கப்பல் வரும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளி டிக்கெட் நேரத்தைப் போடுங்கள். தேவாலயங்களுக்கும் மசூதிகளுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பையில் ஒரு மெல்லிய துப்பட்டா இருந்தால் போதும்.

அன்று வேறு எத்தனை கப்பல்கள் அங்கே நிற்கின்றன என்பதையும் பாருங்கள். கப்பல் அட்டவணைகளைத் தொகுத்துத் தரும் இணையதளங்கள் இருக்கின்றன. குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று நகரமே வரம்பு வைத்திருக்கிறது. ஆனாலும் கோடையில் பத்து மணிக்கு மேல் பழைய நகரத்தின் பீலே வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. அங்கே கோட்டைச் சுவர் மேல் நடப்பதுதான் முக்கியம்: 1,940 மீட்டர், நிழல் கிடையாது, ஒரே திசையில்தான் போக வேண்டும். வாசல் திறந்ததும் ஏறிவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம்.

துருக்கியில் இருக்கும் பண்டைய நகரமான எபேசு பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குசடாசியில் இறங்கினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பழைய நகரத்துக்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். மேல் வாசலில் இறங்கிக் கீழ் வாசலில் ஏறிக்கொள்வதாக டாக்ஸிக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். அப்போது பளிங்குத் தெரு முழுக்க இறக்கம். ஒரு வளைவு திரும்பியதும் அந்தச் சரிவின் அடியில் செல்சஸ் நூலகத்தின் முகப்பு எழுந்து நிற்கும். கீழிருந்து ஏறினால் அந்தக் காட்சி ஆரம்பத்திலேயே முடிந்துவிடும், மிச்சமெல்லாம் வெயிலில் மேட்டு நடை.

படி 6: காகிதங்களும் பையும்

கரை இறங்காவிட்டாலும் சில நாடுகள் விசா கேட்கும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பலரும் சறுக்கும் இடம் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. இத்தாலியில் ஏறி, மாண்டினீக்ரோவில் நின்று, கிரீஸுக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒரு முறை நுழைவு விசா அங்கே போதாது, பல முறை நுழைவு வேண்டும்.

கரைக்குப் போகும்போது கப்பல் அட்டை, புகைப்படம் உள்ள அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், ஒரு வங்கி அட்டை, கொஞ்சம் உள்ளூர்ப் பணம், ஒரு நாள் மருந்து, தண்ணீர், தொப்பி, பவர் பேங்க். இவ்வளவு போதும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லும் நாடுகளும் உண்டு, அதை முந்தைய நாள் கப்பலில் அறிவிப்பார்கள். கப்பலின் சாப்பாட்டு மேசையிலிருந்து ஆப்பிளோ சாண்ட்விச்சோ எடுத்துப் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு பழத்துக்கே அங்கேயே அபராதம் போட்டுவிடுவார்கள்.

படி 7: முந்தைய இரவு

அறைக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளை (இப்போது பல கப்பல்களில் மொபைல் செயலி) எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: ஆல் அபோர்டு நேரம், எந்தத் தளத்திலிருந்து இறங்க வேண்டும், துறைமுக ஏஜெண்டின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) தொலைபேசி எண். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியதும் கப்பல் நிற்கும் இடத்தில் ஒரு குறி வைத்துவிடுங்கள்.

அப்புறம் நேரம். கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. மயாமியிலிருந்து கோடையில் மெக்சிகோவின் கொசுமெல் போகும் கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கொசுமெல் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கரையில் உங்கள் மொபைல் தானாக மாறி நாலு மணி காட்டும். கப்பலில் அப்போது ஐந்து. மொபைலில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிடுங்கள், அல்லது கப்பல் நேரத்தில் வைத்த ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் கைக்கடிகாரக் கட்சி. கப்பலில் இருக்கும்போது மொபைலை ஃபிளைட் மோடில் போடுவதும் முக்கியம். கடலில் பிடிக்கும் நெட்வொர்க்குக்கு வரும் பில் சாதாரண ரோமிங் பில் மாதிரி இருக்காது.

படி 8: கப்பலை விட்டுவிட்டால்

கப்பல் கிளம்பும் முன்பே தாமதம் தெரிந்தால் உடனே துறைமுக ஏஜெண்டை அழையுங்கள். வழியில் இருக்கிறீர்கள், எத்தனை நிமிடம் என்று சொன்னால் சில சமயம் சில நிமிடங்கள் கிடைக்கும், உறுதி கிடையாது. கப்பல் போயே விட்டது என்றால் நேராக ஏஜெண்டின் அலுவலகத்துக்குப் போங்கள். நீங்கள் ஏறவில்லை என்று தெரிந்ததும் ஊழியர்கள் உங்கள் அறையில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதனால் பாஸ்போர்ட்டை அறையில் விட்டால் லாக்கரிலேயே வையுங்கள், பெட்டியின் அடியில் ஒளிக்காதீர்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. பயணக் காப்பீடு வாங்கும்போதே கப்பல் தவறினால் கிடைக்குமா என்று அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள், கணவனும் மனைவியும் தனித்தனியாகச் சுற்றப் போகிறார்கள் என்றால், அன்றைய பாஸ்போர்ட்டுகளை யார் வைத்திருப்பது என்று காலையிலேயே பேசிவிடுங்கள்.

படி 9: ஏறிய பிறகு அறைக்குப் போகாதீர்கள்

நேரத்தோடு ஏறிவிட்டால் ஒன்று மிச்சம் இருக்கிறது. சில ஊர்களில் கப்பல் வெளியேறும் ஒரு மணி நேரம், கரையில் பார்த்ததற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. மாண்டினீக்ரோவின் கோட்டோரில் அப்படித்தான். மலைகளுக்கு நடுவே வளைகுடா, கப்பல் ஆள் நடக்கிற வேகத்தில் நகரும். கோட்டோரை விட்டு வெளியேறும்போது மேல் தளத்தில் வலது பக்கம் நில்லுங்கள். பெராஸ்ட் ஊரும் அதற்கு முன்னால் இரண்டு குட்டித் தீவுகளும் அந்தப் பக்கம்தான் வரும். அதில் ஒன்றில் நீலக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். அதைத் தாண்டியதும் கப்பல் இடது பக்கம் திரும்பி வெரிகே என்ற குறுகிய நீரிடுக்கில் நுழையும். இரண்டு கரையிலும் வீட்டு மாடிகளில் நிற்கிறவர்கள் கை அசைப்பது தெரியும்.